சுவரை விட்டுப் போன கொம்பு

அத்தியாயம் ஐந்து

வெரிபீ ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது கேத்ரின் தனபாலனின் துப்பறியும் அலுவலகம். உதவி தேடி வருகிறவர்கள் படியேறி முடிப்பதற்குள் பெருங்காயமும் கருவாடும் அவர்களை ஒருமுறை விசாரித்து அனுப்பிவிடும். அந்த வியாழக்கிழமை மத்தியானம் அப்படி விசாரிக்கப்பட்டு வந்தவர் பத்மா அன்ரி. இடது காலை இழுத்து இழுத்து ஏறியவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நிரோஜன் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான். கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் அவன். படித்தான், பட்டமும் வாங்கினான்; கணக்கு வேலை தர யாரும் முன்வராததால் கேத்ரினுக்குக் கார் ஓட்டினான். 'துப்பறியும் உதவியாளர்' என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பதவி. கேத்ரின் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, பறிக்கவும் இல்லை.

"இருங்கோ அன்ரி. லிப்ட் வைக்கச் சொல்லிக் கடைக்காரரிட்டக் கேட்டனாங்கள். மிளகாய்த்தூள் மூட்டைக்கே லிப்ட் இல்லையாம், மனுசருக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிறார்."

பத்மா அன்ரி சிரிக்கவில்லை. "ஒரு பெடியனைக் காப்பாத்தித் தரவேணும்," என்றார்.

மேசைக்குப் பின்னாலிருந்த கேத்ரின் ஜெபமாலையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மலேசியாவின் ஈப்போவில் காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடைகளைப் பார்த்து, தானாக எரிந்ததா, எரிய வைத்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். சாம்பலோடு பழகிய பொறுமை அவரிடம் மிச்சமிருந்தது.

"மொதல்ல காலைத் தூக்கி இந்த முக்காலி மேல வைங்க. அப்புறம் சொல்லுங்க."

பத்மா அன்ரி காலை வைத்தபோது பாவாடை சற்று விலகியது. முழங்காலைச் சுற்றித் துணி கட்டி, அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூச்சு காய்ந்திருந்தது.

"என்னா பூசியிருக்கீங்க?"

"வீட்டு மருந்து."

"கொறைஞ்சிருக்கா?"

"நல்லாக் குறைஞ்சிருக்கு," என்றவர், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போலப் பாவாடையை இழுத்து மூடினார்.

பிறகு கதையைச் சொன்னார். ட்ருகனினாவில், சரக்கு அடுக்கும் மரப் பலெட்டுகளைத் திருத்தி விற்கும் ஒரு கிடங்கு. வார இறுதியில் அதன் அலுவலகத்தைத் துப்புரவு செய்வது அவர் வேலை. அங்கே பலெட்டுகளுக்கு ஆணி அடிக்கிறவன் மயூரதன். படகில் வந்த அகதி; வழக்கு முடியும்வரை தரும் தற்காலிக பிரிட்ஜிங் விசா. முதலாளி டெரெக்கின் அறைச் சுவரில் ஒரு சோடி மரைமான் கொம்பு மாட்டியிருக்கும். மலைக்காட்டில் அவர் சுட்ட மரையாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். போன திங்கட்கிழமை காலை அதில் ஒரு கொம்பைக் காணவில்லை. நேற்று மயூரதனின் காரில் பின்பெட்டி திறந்தபோது, ஒரு துவாய்க்குள் கொம்பு ஒன்று சுற்றி இருந்ததை, வேலையை மேற்பார்க்கும் போர்மன் கண்டுவிட்டான்.

"நாளைக்கு மத்தியானம் அங்க பார்பிக்யூ. எல்லாருக்கும் முன்னால நிண்டு 'சொறி' சொல்லி மன்னிப்புக் கேட்டுக் கொம்பைக் குடுக்கட்டாம். இல்லையெண்டா பொலிசுக்குப் போவாராம். பொலிஸ் கேஸ் எண்டு வந்தா அவனைத் திரும்பவும் அகதித் தடுப்புக்குள்ள போட்டிடுவினம்."

"அந்தத் தம்பி என்னா சொல்றாரு?"

"காட்டில கண்டெடுத்த கொம்பாம். சொறி சொல்ல மாட்டானாம். சனம் முழுக்க அவனுக்குப் புத்தி சொல்லுது, சொல்லிப்போட்டு விடு எண்டு. கேக்கிறானில்லை."

"நீங்க என்னா சொல்றீங்க?"

பத்மா அன்ரி தரையைப் பார்த்தார். "நான் ஒண்டும் சொல்லேலாது. நீங்கள் போய் அந்தக் கொம்பைப் பாருங்கோ. வடிவாப் பாருங்கோ. நுனியையும் பாருங்கோ."

அவர் படியிறங்கிப் போன பிறகு நிரோஜன் கார்ச் சாவியை எடுத்தான். "வழக்கமா ஆக்கள் வந்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டுக் கடைசியில ஒண்டை மறைப்பினம். இவ ஒண்டும் சொல்லேலாது எண்டு நேரடியாச் சொல்லிப்போட்டா. நேர்மையான மனுசி."

"நேர்மையானவங்க தான் தம்பி," என்றார் கேத்ரின். "அதனால தான் கஷ்டப்படறாங்க."

காரில் ஏறியதும் வழக்கம்போல ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபித்தார். ஜெபம் பயணத்துக்கா, தன் ஓட்டுதலுக்கா என்று நிரோஜன் இதுவரை கேட்டதில்லை.

"ஒண்ணு யோசிச்சியா?" என்றார் கண்ணைத் திறந்து. "பொருள் காணாமப் போனவன் நேரா போலீசுக்குப் போவான். இந்த முதலாளி ஒரு சாரி போதும்ங்கறாரு. ஏன்?"

"நல்ல மனுசனா இருக்கும்."

"நல்ல மனுசன் தனியா கூப்பிட்டுக் கேப்பான். எல்லாரையும் கூட்டி வச்சிக் கேக்க மாட்டான்."

மயூரதன் இருந்த வீடு, புதிதாக முளைத்த குடியிருப்பின் கடைசித் தெருவில் இருந்தது. மரங்கள் இன்னும் கம்புகளாகவே நின்றன. கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வளைந்து கொடுக்காத கழுத்து.

"பத்மா அன்ரி அனுப்பினவவோ? நான் ஒருத்தரையும் கேக்கேல்லையே."

"கேக்காமலே வாறதுதான் எங்கட சிறப்பு," என்றான் நிரோஜன். "உள்ளுக்க வரலாமோ?"

உள்ளே ஐந்து பேர் படுக்கும் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. குசினி அடுப்பில் ஒரே ஒரு சட்டி. மயூரதன் இருவரையும் கராஜுக்கு அழைத்துப் போய், காரின் பின்பெட்டியைத் திறந்து துவாயை விரித்தான்.

கொம்பு நிரோஜனின் கை நீளத்துக்கு மேல் இருந்தது. மண்நிறம், அடியில் முறுக்கிய கயிறு போல ஒரு வளையம், மேலே போகப் போக மூன்று கிளை. தூக்கிப் பார்த்தான். பாரமாக இருந்தது.

"வன்னிக் காட்டு மரை மாதிரியே இருக்கே."

"அதே சாதிதான்," என்றான் மயூரதன். "இந்த ஊர் மரையளின்ர பரம்பரையே அந்தக் காலத்தில இலங்கையிலயும் இந்தியாவிலயும் இருந்து கப்பல்ல வந்ததாம். போர்மன் சொன்னவன்."

"கப்பல்ல வந்தவையோ? விசா கேட்டவையாமோ?"

மயூரதனின் உதட்டோரம் முதன்முறையாக அசைந்தது. "கேக்கேல்லைப் போல. மலை முழுக்க அவையின்ர பிள்ளையள்தானே."

கேத்ரின் கொம்பை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். "தம்பி, அடியப் பாரு. வாள் போட்ட அடையாளம் இருக்கா?"

நிரோஜன் பார்த்தான். அடிப்பாகம் தட்டையாக இல்லை. சற்றே குமிழ்ந்து, பவளப்பாறை போலச் சொரசொரப்பாக இருந்தது.

"இல்லை."

"மான் பண்ணை ஒண்ணு தீப்பிடிச்ச கேஸ் பாத்தப்ப கத்துக்கிட்டது. மரை தன் கொம்பைத் தானே உதுத்துரும். அப்புறம் புதுசு மொளைக்கும். உதுந்த கொம்பு அடியில இப்படித்தான் குமிழ் விட்டிருக்கும். சுட்ட மரைன்னா கொம்பு தானா கழராது. மண்டையோட்டோட சேத்து வாளால அறுத்துத்தான் எடுக்கணும்."

நிரோஜன் கையைத் தட்டினான். "அவ்வளவுதானே அக்கா. முதலாளியின்ர கொம்பு சுட்ட மரையின்ர. இது தானா விழுந்த மரைக் கொம்பு. அப்ப இது அவற்ற இல்லை. கேஸ் முடிஞ்சுது. பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னமே முடிச்சிட்டம்."

கேத்ரின் கொம்பை இன்னும் கண்ணருகே கொண்டுவந்தார். நகத்தால் வளையத்தின் பள்ளத்தைச் சுரண்டி, எதையோ டிஷ்யூவில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கொம்பை நிமிர்த்தி நுனியைப் பார்த்தார். மற்ற இரண்டு கிளைகளும் கூராக இருக்க, நடு நுனி மட்டும் ரூபாய்க் காசு போலத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"மயூரதன் தம்பி, எந்தக் காட்டுல எடுத்தீங்க?"

"மலைப் பக்கம்."

"எந்த மலை?"

"உயரமான மலை."

"நல்ல விலாசம்," என்றான் நிரோஜன். "தபால்காரனே அழுவான்."

"வீட்ல சந்தனக் கல் வச்சிருக்கீங்களா?"

"அக்கா, இந்த வீட்டில சட்டியே ஒண்டுதான். இவையிட்டச் சந்தனக் கல்லுக் கேக்கிறியள்."

சிரித்துக்கொண்டே திரும்பிய நிரோஜன் மயூரதனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அந்த முகம் கதவு போலச் சாத்திக்கொண்டிருந்தது.

கேத்ரின் கொம்பைத் துவாயில் சுற்றினார். அவர் குரல் மென்மையாக இருந்தது. "ஒரு வார்த்தை தானே தம்பி. சொல்லிட்டா நாளைக்கே முடிஞ்சிரும்னு ஒங்களுக்குத் தோணலியா?"

"ஒரு வார்த்தையில முடியாது மேடம்." மயூரதன் அவரை நேராகப் பார்த்தான். "ஊரில ஆமி முகாமில ஒருத்தன் கேட்டவன், 'நீதானே செய்தனி, ஓம் எண்டு சொல்லு, விட்டிடுறன்' எண்டு. நான் செய்யேல்லை. ஆனா களைச்சுப் போய் ஓம் எண்டனான். அந்த ஒரு சொல்லுத்தான் என்னைக் கடலுக்க தள்ளி இவ்வளவு தூரம் கொண்டந்து விட்டது. இனி ஏலாது. செய்யாததுக்கு நான் தலை குனிய மாட்டன். விசா போனாலும் போகட்டும்."

 

"கொம்ப நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டார் கேத்ரின். "ஒங்கள நம்பித்தான் கேக்கறேன். நீங்களும் என்னைய நம்பணும்."

அவன் சம்மதமாகத் தலையசைத்தான்.

மறுநாள் முற்பகல் டெரெக்கின் அறைக்குள் நுழைந்தபோது நிரோஜன் முதலில் தேடியது சுவரைத்தான். கேடயம் போல வெட்டிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதன்மேல் ஒரு போர்வை போர்த்தப்பட்டிருக்க, ஓரத்தில் ஒற்றைக் கொம்பின் நுனி எட்டிப் பார்த்தது.

"ஒற்றையாகப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது," என்றார் டெரெக் இங்கிலீஷில். பெரிய உடம்பு, நரைத்த மீசை, ஆணி கிழித்த தழும்புகள் நிறைந்த கைகள். "நீங்கள் அந்தப் பையனுக்காக வந்தவர்களா? அவன் மன்னிப்புக் கேட்கத் தயாரா?"

கேத்ரின் துவாயைப் பிரித்துக் கொம்பை மேசைமேல் வைத்தார். அவர் இங்கிலீஷ் நிதானமாக வந்தது.

"இது உங்கள் கொம்புதான், மிஸ்டர் டெரெக். திருப்பிக் கொடுக்க வந்தேன்."

நிரோஜன் சட்டென்று கேத்ரின் பக்கம் திரும்பினான். "அக்கா," என்றான் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆற்ற பக்கம் நிக்கிறியள்?"

"பொறு தம்பி."

டெரெக் கதிரையில் சாய்ந்தார். "ஆக, திருடன்தான். நான் சொன்னேனே."

"இந்த மரையை நீங்கள் சுட்ட கதையை எனக்கும் சொல்வீர்களா?"

அவர் சொன்னார். பலமுறை சொல்லி வழவழப்பான கதை. நாள்கணக்கில் தடம் பார்த்தது, பனியில் படுத்துக் கிடந்தது, ஓடையைத் தாண்டி வந்து நின்ற ஆண் மரை, ஒரே சூடு. கேத்ரின் குறுக்கிடவில்லை. கதை முடிந்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கொம்பைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடியை டெரெக்கின் பக்கம் வைத்தார். பக்கத்தில் டிஷ்யூவை விரித்தார். அதில் மஞ்சளாக இரண்டு துணுக்குகள் கிடந்தன.

"இது பசை," என்றார். "வளையத்துக்குள் இருந்தது. இந்த மரையை யாரும் சுடவில்லை. அது தன் கொம்பைத் தானே காட்டில் போட்டுவிட்டு நடந்து போயிருக்கிறது. யாரோ எடுத்துவந்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் போர்வைக்குக் கீழே மண்டையோடு இருக்காது. துணி போர்த்திய மரக்கட்டைதான் இருக்கும்."

வெளியே, சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஒன்று பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. டெரெக் அந்தத் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரோஜனுக்கு இப்போதுதான் உறைத்தது. உதிர்ந்த கொம்பு என்பதால் இது டெரெக்குடையது அல்ல என்று அவன் நினைத்தான். டெரெக்கின் கொம்பே உதிர்ந்த கொம்பாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இதனால்தான் மனிதர் பொலிசுக்குப் போகவில்லை. பொலிஸ் வந்தால் கொம்பைத் திருப்பிப் பார்க்கும்.

"என் அப்பா வேட்டைக்காரர்," என்றார் டெரெக் கடைசியில். "அண்ணனும். இங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர். ஒருமுறை என் துப்பாக்கி முனையில் ஒரு மரை வந்து நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தது; தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை. குறி தப்பிவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகும் மலைக்குப் போகிறேன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, குண்டு போடாமல். கண் நிலத்தில்தான் இருக்கும். மரைகள் வேலி தாண்டும் இடங்கள், புரளும் சேற்றுக்குழிகள், வெயில் காயும் சரிவுகள். ஒரு கொம்பு கிடைத்தது. அதன் சோடி அடுத்த கோடையில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஈரத்தில் அடர்ந்த பன்னச் செடிகளுக்குள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? யாரிடமும் சொல்ல முடியவில்லை."

"கொல்லாமல் விட்டதுதான் நல்ல கதை," என்றார் கேத்ரின். "நீங்கள் மற்றதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்."

டெரெக் மீசையைத் தடவினார். இளகிய முகம் மறுபடி இறுகியது. "அதெல்லாம் சரி. ஆனால் எடுத்துப் போனது அவன்தான். நான் இப்போது சும்மா விட்டால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். மத்தியானம் வந்து ஒரு சொறி சொல்லட்டும். பொலிசுக்குப் போக மாட்டேன், அது உறுதி."

"அவர் சொல்ல மாட்டார். சொல்லவும் வேண்டாம். உங்கள் கொம்பை யாரும் திருடவில்லை. பசை விட்டு, அது தானாகக் கையில் விழுந்தது."

"யார் கையில்?"

"அதைச் சொல்ல வேண்டியவள் நான் அல்ல. நீங்கள் இங்கே சொன்னதையும் நான் வெளியே சொல்ல மாட்டேன். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி." கேத்ரின் கைப்பையை எடுத்துக்கொண்டார். "இந்தக் கதவைச் சாத்தியது உங்களுக்காக. அந்தப் பையனுக்காக மட்டும் ஒருவரும் கதவைச் சாத்தவில்லை."

கொம்பு மேசைமேலேயே கிடந்தது.

வெளி முற்றத்தில் வெயில் கொளுத்தியது. நிரோஜன் பொறுமையிழந்திருந்தான்.

"என்ன அக்கா இது? மனுசன்ர குடுமி கையில இருந்தது. ஒரு இழுவை இழுத்திருந்தா 'சொறியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்' எண்டு காலில விழுந்திருப்பார்."

"விழுந்திருப்பாரு. நாளைக்கு எந்திரிச்சி மயூரதன வேற வழியில அனுப்பியிருப்பாரு. பயமுறுத்தி வாங்கற நியாயம் நிக்காது தம்பி. வா, இன்னொருத்தரப் பாக்கணும்."

முதலாளி கூப்பிட்டால் பார்பிக்யூவுக்குத் துப்புரவு செய்கிறவரும் வரத்தான் வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பலெட்டின் மேல் பத்மா அன்ரி உட்கார்ந்திருந்தார். கேத்ரின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சந்தனக் கல் ஒங்க வீட்ல தானே இருக்கு?"

பத்மா அன்ரியின் கண்கள் சட்டென்று நிறைந்தன. "கண்டுபிடிச்சிட்டியளோ," என்றார், யாரோ தலைச்சுமையை இறக்கிவிட்டது போல.

கேத்ரின் ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்மா அன்ரி ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். காரில்லாத அவரை வார இறுதியில் ஏற்றி இறக்குவதும், கால் நோவதால் உயரத்துத் தூசியைத் தட்டிக் கொடுப்பதும் மயூரதன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் வாளி எடுக்கப் போன நேரத்தில் அன்ரி தானே துடைக்க எட்டினார். கொம்பு கழன்று கையோடு வந்தது. பசை வாங்கி ஒட்டிவிடலாம் என்று அதைக் காரில் கொண்டுபோனார்கள். அன்றிரவு அது அன்ரி வீட்டில் இருந்தது. வீங்கிய முழங்கால், கைக்கெட்டும் தூரத்தில் மரைக் கொம்பு. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் இதை உரைத்துப் பூசிப் பார்த்திருக்கிறார். ஒட்ட முதல் கொஞ்சம் உரைத்தால் ஆருக்குத் தெரியப்போகிறது என்று தண்ணீர் விட்டுச் சந்தனக் கல்லில் உரைத்தார். நோவு குறைந்தது. இன்னும் கொஞ்சம் உரைத்தார். விடிந்து பார்த்தால் கூர் நுனி போய்விட்டது. ஒட்டினாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கொம்பு மயூரதனின் காருக்கே திரும்பி, அங்கேயே தங்கிவிட்டது.

"இதை என்னட்ட முதலிலேயே சொல்லியிருக்கலாமே அன்ரி," என்றான் நிரோஜன்.

"சொல்லேலாது ராசா. நீங்கள் வாய் திறந்தா வேலை போகும் எண்டு, தன்ர தலையில என்ர கையை வைச்சு அவன் சத்தியம் வாங்கிப்போட்டான். நான் சொன்னா அவன்ர தலைக்கெல்லோ ஆகாது." புறங்கையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா சொல்ல மாட்டன் எண்டுதான் சத்தியம் பண்ணினனான். கண்டுபிடிக்கிற ஆக்களைத் தேடிப் போக மாட்டன் எண்டு பண்ணேல்லை."

"அன்ரி, நீங்கள் துடைப்பம் பிடிச்சது பிழை. சட்டத்தரணியின்ர கோட்டு போட்டிருக்க வேணும்."

கிடங்கின் வாசலில் ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். இறைச்சி பொரியும் புகை, வானொலிச் சத்தம், முப்பது பேருக்குக் குறையாத கூட்டம். டெரெக் கொம்பைக் கையில் பிடித்தபடி வந்து, வானொலியை நிறுத்தச் சொன்னார். மயூரதன் முன்னால் கூப்பிடப்பட்டான்.

"மயூ ஒரு வார்த்தை சொல்லப் போகிறான்," என்றார் டெரெக். "அதோடு விஷயம் முடிந்தது. பிறகு எல்லாரும் சாப்பிடலாம்."

மயூரதன் கூட்டத்தைப் பார்த்தான்.  ஒரு சொல், ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் இன்றிரவு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

"நோ," என்றான் மயூரதன், தன்னிடமிருந்த கொஞ்ச இங்கிலீஷில். "ஐ நோ ஸ்டீல். ஐ நோ சொறி."

யாரோ சீழ்க்கை அடித்தார்கள். போர்மன், "வேறென்ன, பொலிசைக் கூப்பிடு," என்றான்.

அப்போது கூட்டம் விலகியது. பத்மா அன்ரி காலை இழுத்து இழுத்து முன்னால் வந்தார்.

"அன்ரி, சத்தியம்," என்றான் மயூரதன் பதறி.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே," என்றார் அவர்.

உண்மையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையில் துணி இருப்பது போலக் காற்றில் ஒரு சுவரைத் துடைத்தார். துடைத்த கையில் ஏதோ விழுந்தது போலத் திடுக்கிட்டு, அதை மார்போடு பிடித்துக்கொண்டார். பிறகு டெரெக்கின் கையிலிருந்த கொம்பைச் சாவகாசமாக வாங்கி, அதன் தேய்ந்த நுனியைத் தன் உள்ளங்கையில் வட்டமாக உரைத்துக் காட்டினார். குனிந்து, முழங்காலில் பூசிக் காட்டினார். கடைசியில் நிமிர்ந்து, கட்டைவிரலால் தன் நெஞ்சைத் தொட்டார். நான்.

சிலர் சிரித்தார்கள். பத்மா அன்ரி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

போர்மன் நெற்றியைச் சுருக்கினான். அவனும் வேட்டைக்காரன். "பொறுங்கள். தூசித் துணி பட்டு மரைக் கொம்பு விழுமா? மண்டையோட்டிலிருந்து அதை ஒரு மாடு முட்டினாலும் கழற்ற முடியாதே." அவன் கொம்புக்குக் கை நீட்டினான். "எங்கே, அடியைக் காட்டுங்கள்."

பத்மா அன்ரி டெரெக்கைப் பார்த்தார். கேத்ரினும் பார்த்தார். 

"திருப்ப வேண்டாம்," என்றார் டெரெக். குரல் கரகரத்தது. "அது உதிர்ந்த கொம்பு. காட்டில் கண்டெடுத்தேன். இரண்டையும். ஒட்டியது நான்தான். நான் ஒரு மரையையும் சுட்டதில்லை. சுட முடியவில்லை."

 பின்வரிசையில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்றவன் அவன் விலாவில் இடித்தான். போர்மன் நீட்டிய கையைக் கீழே விட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

டெரெக் மயூரதனின் பக்கம் திரும்பினார். காதுமடல்கள் சிவந்திருந்தன. தன் சப்பாத்தைப் பார்த்தபடி, மீசைக்குள்ளேயே, "சொறி," என்றார்.

மயூரதன் அசையவில்லை. நேற்றுக் கராஜில் நின்ற அதே நேரான கழுத்தோடு நின்றான். பிறகு நிரோஜனிடம் தமிழில் சொன்னான்.

"அண்ணை, கொஞ்சம் பெரிசாச் சொல்லச் சொல்லுங்கோ. பின்னால நிக்கிறவைக்குக் கேக்கேல்லை."

நிரோஜன் தன் வாழ்க்கையில் எந்த வசனத்தையும் அவ்வளவு கவனமாக, அவ்வளவு மரியாதையோடு மொழிபெயர்த்ததில்லை.

டெரெக் நிமிர்ந்தார். சப்பாத்தை விட்டுக் கண்ணை எடுத்து மயூரதனின் முகத்தைப் பார்த்தார். இந்த முறை கடைசி வரிசைக்கும் கேட்டது.